பூ எடுக்க எத்தனை நாளாகும்?

“ஊதாதீங்கம்மா, உறிஞ்சுங்க. ஸ்ட்ரா வச்சு ஜிகர்தண்டா குடிப்பீங்கள்ல? அப்படி இழுக்கணும்.”

பிசியோதெரபிப் பெண் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்தவரோ பிளாஸ்டிக் கருவியின் குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடியும் ஊதினார். கன்னம் உப்பியது. கருவிக்குள் இருந்த மூன்று பந்துகளில் ஒன்றும் அசையவில்லை. பிறகு எப்படியோ பிடிபட்டது. முதல் பந்து துள்ளி மேலே போய் நின்றது. இரண்டாவது பாதி வரை ஏறி விழுந்தது. அவர் குழாயை எடுத்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். வார்டுக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“மணிக்கு ஒரு தடவை, பத்துப் பத்து இழுப்பு. ஆபரேசன் முடிஞ்சு வலியில மூச்சை இழுக்கப் பயப்படுவீங்க. நெஞ்சுல சளி கட்டிரும். இப்பவே பழகிக்கிட்டா அப்ப தானா வரும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மதுரையில் ஒரு பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. என் சின்னம்மாவுக்குப் பித்தப்பைக் கல். துணைக்கு இருந்த எனக்கு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும், பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வருவதும் தவிர வேறு வேலை இல்லை. மீதி நேரமெல்லாம் எதிர்க்கட்டிலைப் பார்த்தபடி இருந்தேன். வார்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர். அவர் உசிலம்பட்டியக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் ஒரு பூந்துண்டு. கீமோவில் கொட்டிய முடி நரைத்த முளையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வலது மார்பில் கட்டி. கடைசிக் கீமோ முடிந்து, ரத்த அணுக்கள் தேறுவதற்காக நாலு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார்.

வந்த மறுநாளே அறுவை நடந்திருக்க வேண்டும். சர்க்கரை 280 காட்டியது. மயக்க டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை அந்த அளவில் இருக்கும்போது கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் வைக்கும். இன்சுலின் போட்டு இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். மாமியார் நேரம் சரியில்லை என்றார். கணவர் வராண்டாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இடி. எனக்கு இப்போது யோசித்தாலும், தள்ளிப்போன அந்த ஒரு வாரம்தான் அவரைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. உடம்புக்குச் சொன்ன காரணம் சர்க்கரை. மனசுக்கும் அந்த நாட்கள் வேண்டியிருந்தன, அதை யாரும் சீட்டில் எழுதவில்லை.

முதல் இரண்டு நாளும் அவரிடம் யாரும் எதையும் பேசவில்லை. அவரைப் பற்றித்தான் பேசினார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைக் கணவர் கதவுக்கு வெளியே கூட்டிப்போய்க் கேட்டார். மகள் ரிப்போர்ட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். மாமியார் பக்கத்துக் கட்டில்காரரிடம் குரலைத் தாழ்த்தி, “அவளுக்கு முழுசா எடுக்கப்போறது தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க” என்றார். சொன்ன இடத்துக்கும் ஏழாம் கட்டிலுக்கும் நடுவே நாலடி. உசிலம்பட்டியக்கா கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கால் பெருவிரல் மட்டும் போர்வைக்கு வெளியே விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் கால் அப்படி ஆடாது.

இந்த மறைப்பு நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் வலது மார்பை எடுத்தார்கள். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். ஒரு வாய் மதுக்கலவை கொடுத்தார்கள், அவ்வளவுதான். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கத்தி பிடித்தார். முன்கூட்டித் தெரிந்தால் கலங்குவார் என்று நாளைச் சொல்லாமல் வைத்திருந்து, அன்று காலையில்தான் தகவல் அனுப்பினார்கள். பல மாதம் கழித்துத் தன் சகோதரிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் கத்தியின் வேதனைக்குக் குறையாமல் அந்தக் காத்திருப்பின் வேதனையும் இருக்கிறது, கட்டுத்துணிகளும் பஞ்சும் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் தனியாக நுழைந்து பார்த்ததும் இருக்கிறது. அதன்பிறகு அவர் 1840 வரை, 87 வயது வரை வாழ்ந்தார். மயக்க மருந்து வந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சொல்லாமல் வைத்திருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வழக்கத்தை உடைத்தவர் அறுவை செய்யப்போகிற டாக்டரம்மாதான். மூன்றாம் நாள் மாலை வந்தார். கணவர் வழக்கம்போல வெளியே கூப்பிட்டார். “நீங்களும் வாங்க. ஆனா அவங்ககிட்டதான் பேசுவேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு லேப் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டார். எனக்குப் படம் தெரியவில்லை, குரல் கேட்டது.

“ரெண்டு இடத்துல கட்டி இருக்கும்மா. கீமோவுல சுருங்கியிருக்கு. ஆனா கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பை விட்டுவைக்கிற மாதிரி இல்ல. முழுசா எடுக்கணும். அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்கணும். அடியில இருக்கிற சதையைத் தொட மாட்டோம். அதனால கைக்கு வலு இருக்கும்.”

மகள், கட்டியை மட்டும் எடுக்கவே முடியாதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. மார்பகப் புற்று என்றாலே முழுசாக எடுக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டுப் பிறகு கரண்டு வைத்தாலும் (கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம்) ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனெசி குழுவும் இருபது ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி இரண்டு மூன்று இடத்தில் பரவியிருந்தால் பல நேரம் முழுசாக எடுக்க வேண்டி வரும். டாக்டரம்மா அதைத்தான் பொறுமையாகச் சொன்னார். முடித்துவிட்டு, “வேற என்ன கேக்கணும்?” என்றார்.

உசிலம்பட்டியக்கா கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“பூ எடுக்க எத்தனை நாளாகும் டாக்டர்?”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “உசுரு கெடக்குறப்ப இவளுக்குப் பூவப் பாரு!”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்ன பூ, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். மல்லி. விடியும் முன்னே இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மொட்டுகளைப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வண்டி ஏற்ற வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். மொட்டு அவிழ்ந்துவிட்டால் விலை போச்சு. அத்தனையையும் உசிலம்பட்டியக்கா சொன்னார். குரல் வயலில் நிற்பவரின் குரலாக மாறியிருந்தது. பதிலும் அதே தெளிவோடு வந்தது. மறுநாளே விரலையும் முழங்கையையும் மடக்கி நீட்ட ஆரம்பிக்கணும். நீர் வடிய வைக்கிற டியூப்பை எடுத்த பிறகு கையைச் சுவரில் நடத்தி மேலே ஏற்றணும். கனமான கூடை கொஞ்ச காலத்துக்குத் தூக்கக் கூடாது. ஆறு வாரம் போல ஆனதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நடுவில் கரண்டும் வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கையில் கீறல், முள் படாமல் பார்த்துக்கொள்ளணும், பட்டால் உடனே வரணும். ஊசியும் பிரஷர் பட்டையும் இனிமேல் இடது கையில்தான் என்று எங்கே போனாலும் நீங்களே சொல்லணும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு கை வீங்கிக்கொள்ளும் பயம் உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை.

அன்று இரவு அவர் முழுசாக நாலு இட்லி சாப்பிட்டார்.

மறுநாள் காலை பதினோராம் கட்டிலில் இருந்த மேலூர்ப் பெரியம்மா எழுந்து வந்தார். குடலிறக்கத்துக்காக வந்தவர். எழுபது இருக்கும். வெற்றிலைக் காவி ஏறிய பல். சுற்றி வளைக்கவில்லை.

“எந்தப் பக்கம்த்தா?”

“வலது, பெரியம்மா.”

“எனக்கு எடது. எட்டு வருசமாச்சு. எந்திரி. பாத்ரூமு பக்கம் வா, காட்டுறேன்.”

உசிலம்பட்டியக்கா மகளைப் பார்த்தார், பிறகு எழுந்து கூடவே நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டும் சத்தம்தான். வெளியே வந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்து மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “கோடுதேன் பாப்பா. ஒரே ஒரு கோடு. நான் குழி விழுந்து கெடக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

எத்தனை இரவு அந்தக் குழியை நினைத்துப் படுத்திருப்பார்! படித்தவர்களும் இப்படித்தான் பயந்து கிடக்கிறார்கள். கேட்க நா எழாது. கேட்காததைச் சொல்லவும் ஆள் இருக்காது.

பெரியம்மா அதோடு விடவில்லை. இடது கையைக் காதை ஒட்டி நேராக மேலே தூக்கிக் காட்டினார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார். “ஆபரேசன் முடிஞ்சதும் டியூப்பு ஒண்ணு வெளிய வரும். அதுல டப்பா தொங்கும், செகப்பாத் தண்ணி இறங்கும். பாத்துப் பயந்துறாத, நாளாக நாளாக நெறம் மாறும், கொறையும். வீட்டுக்கும் அதோடதேன் அனுப்புவாக. கல்யாண வீட்டு மஞ்சப்பை ஒண்ணு இருந்தா எடுத்து வச்சுக்க, அதுக்குள்ள டப்பாவப் போட்டு கழுத்துல மாட்டிக்கிட்டுப் போலாம் வரலாம். சட்டையில இழுபடாது. ஜாக்கெட்டு கை இறுக்கித் தைக்காத, தொளதொளன்னு ரெண்டு தச்சுக்க. முன்னாடி பொத்தான் வச்ச நைட்டி ரெண்டு வாங்கிக்க. தலை வழியா மாட்டுறதெல்லாம் ஆகாது, கை ஏறாது. அக்குளுக்கு உள்பக்கம் மரத்துப் போகும். எனக்கு இன்னைக்கும் அப்படித்தேன், அது பாட்டுக்கு இருக்கு.” மகள் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த மருத்துவக் கையேடும் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொல்லி நான் பார்த்ததில்லை.

கடைசியில் உசிலம்பட்டியக்கா குரலை இறக்கி என்னவோ கேட்டார். கேள்வி எனக்கு எட்டவில்லை. பெரியம்மாவின் பதில் வார்டுக்கே கேட்டது. “நம்ம மீனாட்சிக்குப் பொறக்கும்போது மூணு இருந்துச்சு. ஒண்ணு மறைஞ்ச பெறகுதேன் அவளுக்குக் கல்யாணமே ஆச்சு. மதுரைய ஆண்டாளா இல்லையா?” மூன்று மார்போடு தடாதகைப் பிராட்டியாகப் பிறந்த மீனாட்சி சொக்கநாதரைக் கண்டதும் ஒன்று மறைந்தது என்ற கதை மதுரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதை இந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க ஒரு மேலூர்க் கிழவியால்தான் முடியும். ஆறாம் கட்டில், ஒன்பதாம் கட்டில், நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிய சிஸ்டர், எல்லோரும் சிரித்தோம். உசிலம்பட்டியக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

சர்க்கரை இறங்கியது. எக்கோ, இசிஜி பார்த்தார்கள். மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, ஆடுகிற பல் உண்டா என்று விளக்கடித்துப் பார்த்தார். ஊரிலிருந்து இரண்டு இளவட்டங்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் மாலை நகைகளைக் கழற்றச் சொன்னார் சிஸ்டர். தியேட்டரில் ரத்தம் நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள், உடம்பில் உலோகம் கிடந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும். மோதிரமும் மெட்டியும் சோப்புத் தண்ணீரில் வழுக்கி வந்துவிட்டன. மூக்குத்தி வரவில்லை. சமைந்த வருசம் குத்தியது, அதன் பிறகு கழற்றியதே இல்லை. மகள் தேங்காய் எண்ணெயைத் துளித்துளியாக விட்டுத் திருகைத் திருப்பினார். அம்மாவின் முகத்தை ஒரு கையால் தாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு. திருகு கழன்று வந்தபோது நடுவில் ஒரு துளையும் அதைச் சுற்றிச் சிறு பருப்பளவுக்கு வெளுத்த தோலும் தெரிந்தன. உசிலம்பட்டியக்கா கண்ணாடி கேட்டார். மகளின் கைபேசியில் பார்த்தார். “யாரோ மாதிரில்ல இருக்கேன்” என்றார்.

அடுத்தது தாலி. மஞ்சக்கயிறு மட்டுமாவது கழுத்தில் கிடக்கட்டும் என்று மாமியார் மன்றாடினார். கழுத்து வரைக்கும் மருந்து தடவுவோம், நூல்கூட இருக்கக் கூடாது என்று சிஸ்டர் தன்மையாகத்தான் மறுத்தார். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் சில நிமிடம் இருந்தது. கணவர் உள்ளே வந்தார். அந்த மனிதர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. உசிலம்பட்டியக்கா தானே கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். “எங்கிட்டதான இருக்கு” என்றார். மாமியார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இரவு விளக்கு அணைத்த பிறகு தாயும் மகளும் கணக்குப் பார்த்தார்கள். மகள் கைபேசி வெளிச்சத்தில் எழுத, தாய் சொல்லிக்கொண்டே வந்தார். மகளிர் குழுத் தவணை பதினைந்தாம் தேதி, பணம் பீரோவில் சேலை மடிப்புக்குள். பூக்கமிசன்கடையில் ஆயிரத்து இருநூறு வரவேண்டும். சினையாட்டை மேய்ச்சலுக்கு விடாதே. ரேசன் கார்டு சாமி படத்துக்குப் பின்னால். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை காலையில் மட்டும். சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனசைத் திடப்படுத்திக்கொள்வது என்றால் தனியாக உட்கார்ந்து எதையோ தியானிப்பது என்று எழுதுகிறோம். வீட்டையும் வயலையும் தோளில் சுமக்கிற பெண் இப்படி ஒவ்வொன்றாக இறக்கிவைத்துத்தான் தன்னை லேசாக்கிக்கொள்கிறாள்.

“பச்சைப் பட்டு உனக்கு.”

மகளின் பேனா நின்றது. “இதெல்லாம் எழுத மாட்டேம்மா.”

“எழுது.”

எழுதினார்.

காலையில் சோப்புப் போட்டுக் குளியல். அக்குள் முடியைச் சிறு இயந்திரத்தால் கத்தரித்தார்கள். பிளேடு பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதில் கிருமி ஏறும். மாமியார் ஒரு டம்ளர் பாலை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தார். பசியோடு அனுப்ப மனசு வரவில்லை அவருக்கு. சிஸ்டர் பார்த்துவிட்டார். “பால் தண்ணிக் கணக்கு இல்லம்மா, சாப்பாட்டுக் கணக்கு. மயக்கத்துல வயித்துல இருக்கிறது நெஞ்சுக்கூட்டுக்குள்ள போயிரும்.” அறுவைக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் பால்கூட ஆகாது.

இளம் டாக்டர் ஒருவர் மார்க்கர் பேனாவோடு வந்தார். “எந்தப் பக்கம்மா?”

“ஒங்களுக்குத் தெரியாதாய்யா?”

“தெரியும். நீங்க சொல்லணும்.”

உசிலம்பட்டியக்கா வலது கையை எடுத்துத் தன் வலது மார்பின் மேல் வைத்தார். ஒரு நொடி அங்கேயே வைத்திருந்தார். டாக்டர் காத்திருந்தார், பிறகு திரை இழுத்துக்கொண்டு அம்புக்குறி போட்டார். பக்கம் மாறிவிடக் கூடாது என்பதற்காக உலகமெங்கும் வந்துவிட்ட நடைமுறை அது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் பிழையைத் தவிர்க்க எழுதினார்கள். இங்கே அதே கேள்வி, எடுக்கப் போவதை அவரே தொட்டுக் காட்டிச் சம்மதம் சொல்ல ஒரு வாய்ப்பாகவும் ஆனது.

மதியத்துக்குள் அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்தார். மறுநாள் காலை பந்து பிடித்து அமுக்கும் பயிற்சி. டப்பா, மேலூர்ப் பெரியம்மா சொன்ன மஞ்சப்பைக்குள் இருந்தது.

2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டிலில் இந்த வாரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். எல்லோருக்கும் பதினோராம் கட்டிலில் ஒரு மேலூர்ப் பெரியம்மா வாய்க்க மாட்டார். அமெரிக்காவில் தெரேஸ் லேசர் என்ற பெண் 1952இல் மார்பை இழந்த பிறகு, கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும் எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் அறுவை முடிந்த பெண்களைச் சந்தித்தார். மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. நம் மருத்துவமனைகளில் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே இப்படி ஒரு சந்திப்புக்கும் நேரம் குறிக்க வேண்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம்.

இதைக் கடந்து வந்த பெண்ணாக நீங்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது உங்கள் டாக்டரிடம், அறுவைக்குக் காத்திருக்கும் யாருடனாவது அரை மணி நேரம் பேச விடுவீர்களா என்று கேளுங்கள்.